இடது பக்கம் திரும்பாத கொக்கு

முதலில் கையை முகர்ந்து பார்ப்பார் ஜஸ்டின். நல்லெண்ணெய் வாடை அடித்தால் ஒரு கரண்டி கடலைமாவை உள்ளங்கையில் கொட்டி, "தேச்சிக் கழுவிட்டு வாங்க, எண்ணெக் கையால தொட்டா கொக்கு வழுக்கும்" என்பார். கழுவிவிட்டு வந்தவரின் கையை மறுபடியும் முகர்வார். அருவியில் குளிக்க எங்கிருந்தோ வந்து, உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டதால் மழைக்கு ஒதுங்கிய ஒரு மனிதர், முன்பின் தெரியாத கடைக்காரர் முன்னால் பள்ளிப் பிள்ளையைப் போல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பதை ஐந்தருவியில் இந்த ஒரு கடையில்தான் பார்க்கலாம்.

கடை என்றால் தகரக் கூரை போட்ட சீசன் கடை. துண்டு, ஜட்டி, சீயக்காய்ப் பொட்டலம், ஷாம்பு பாக்கெட், செல்போன் நனையாமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை. இவற்றையெல்லாம் விற்பது ஜஸ்டினின் மனைவி ரூபி. கடையின் கால்வாசி இடத்தை ஒரு பழைய பெட்டி டிவி அடைத்துக்கொண்டிருக்கிறது. அதோடு வயரால் இணைத்த வீடியோ கேம் பெட்டி, முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். இந்தக் கால்வாசிதான் ஜஸ்டினின் ராஜ்யம். தட்டையான புது டிவி வாங்கினால் இடம் மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் மேல் அவருக்கு இரக்கம் உண்டு. "புது டிவியில பட்டன இங்கன அமுக்கினா அவன் செங்கோட்டையிலதான் குதிப்பான்" என்பார். அவ்வளவு தாமதமாம்.

அவன் என்பது கொக்கு. 'அயர்ன் ஹெரான்' என்பது கேமின் பெயர். இரும்புக் கொக்கு முகமூடி போட்ட ஒரு வீரன் திரையின் இடது ஓரத்தில் புறப்படுவான். வலது பக்கமாகவே ஓடுவான், குதிப்பான், எதிரே வருகிறவர்களைச் சங்கிலியால் அடிப்பான், கடைசியில் ஒரு பெரிய ஆளைக் கொல்வான். இந்த மாதிரி ஓட்ட கேம்களில் உலகத்துக்கே தெரிந்தவை நாலைந்து இருக்கின்றன. இது அவற்றில் ஒன்று இல்லை. மொத்தம் நான்கு பாகம் வந்தது. நான்கையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பள்ளியில் படிக்கும்போது தென்காசியில் ஒரு கடையில் வேறு ஏதோ கேம் கேட்டுப் போன ஜஸ்டினுக்குக் கடைக்காரர் தவறுதலாக இதைக் கொடுத்துவிட்டார். மறுநாள் மாற்றித் தரச் சொன்னபோது மறுத்துவிட்டார். அன்றைக்கு அவர் மாற்றித் தந்திருந்தால் ஐந்தருவிக்கு வருகிற பல குடும்பங்கள் பாதிப்பில்லாமல் ஊர் திரும்பியிருக்கும்.

ஏனென்றால் ஜஸ்டின் யாரையும் நேரடியாக விளையாட விடமாட்டார். முதலில் விளக்கம். புதிதாக வருகிறவர்கள் எந்தப் பாகத்தில் தொடங்க வேண்டும் என்பதே ஒரு பெரிய பிரச்சினை என்று ஆரம்பிப்பார். அது வரைக்கும் அப்படி ஒரு பிரச்சினை உலகத்தில் இருப்பதே வந்தவருக்குத் தெரியாது. முதல் பாகத்தில் தொடங்கக் கூடாது. அது கடினம். "அதுல குதிச்சா குதிச்சதுதான், அந்தரத்துல மனசு மாறக் கூடாது" என்பார். நான்காம் பாகம்தான் சிறந்தது, ஆனால் முதல் பாகத்தில் கஷ்டப்படாதவருக்கு அதன் அருமை தெரியாது, எனவே அதுவும் இப்போது கிடையாது. ஆகவே இரண்டாம் பாகம். அதிலும் முதல் கட்டத்தை அவரே விளையாடிக் காட்டுவார். வந்தவர் ஸ்டூலுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் பாகத்தைப் பற்றி அவராகச் சொல்லமாட்டார். யாராவது கேட்டால் முகம் மாறும். அதை வேறு ஏதோ கம்பெனி செய்ததாம். நிறமெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருக்குமாம். எல்லாவற்றுக்கும் மேலே, அதில் கொக்கு இடது பக்கமும் போவானாம். மற்ற மூன்று பாகங்களில் கடந்து வந்த இடம் திரையை விட்டுப் போனால் போனதுதான், பின்னால் ஒரு அடி வைக்க முடியாது. "வீரன்னா முன்னால போவணும். இவன் சாவிய மறந்து வச்சிட்டு வந்தவன் மாதிரி திரும்பித் திரும்பிப் போவுதான்" என்பார். மற்ற மூன்று கேசட்டுகளும் பூட்டுப் போட்ட பிஸ்கட் டின்னில் துணி சுற்றி இருக்கின்றன. மூன்றாம் பாகம் டிவி மேசையின் குட்டையான காலுக்கு முட்டுக் கொடுக்கிறது.

இரண்டாம் பாகத்தின் நடுவில் ஓர் அருவி வரும். அதைக் காட்டும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். "அஞ்சு பிரிவா விழுது பாத்தியளா? இதச் செஞ்ச ஜப்பான்காரன் இங்கன வந்து குளிச்சிட்டுப் போயிருக்கான்." கேரளத்துப் புனலூரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் எண்ணிப் பார்த்து, ஆறு பிரிவு இருக்கிறது என்றாள். ஆறாவது டிவியின் கோளாறு என்று ஜஸ்டின் சொன்னார். அந்தப் பெண்ணின் அப்பா வெகு நேரம் மரியாதையாக நின்றுகொண்டிருந்துவிட்டு, "கழிஞ்ஞோ சேட்டா?" என்று கேட்டார். முடிந்ததா என்று கேட்கிறார் என்பது ஜஸ்டினுக்கு நன்றாகவே தெரியும். செங்கோட்டை எல்லையில் பிறந்தவர்தான். இருந்தாலும் பாராட்டுவதாக எடுத்துக்கொண்டார்.

குற்றாலத்தில் எல்லாருக்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வியாபாரம். ஆனால் அளவோடு வேண்டும். பாறையும் மரக்கட்டையும் உருண்டு வருகிற அளவுக்கு வந்தால் போலீசார் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அப்போது ஊரே முகம் தொங்கி உட்கார்ந்திருக்கும். ஜஸ்டின் மட்டும் தலையை வாரிக்கொண்டு ஸ்டூலைத் துடைத்து வைப்பார். மலை மேல் கறுத்துக்கொண்டு வந்தால் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். தடையைக் கொண்டாடுகிற ஒரே மனிதர் அவர்தான். அவர் திட்டத்தில் உள்ள குறை ஒன்றுதான். தடை எப்போது வேண்டுமானாலும் நீங்கிவிடும். நான்காம் பாகத்தை ஏன் இப்போது தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அங்கே விசில் சத்தம் கேட்கும். கையை நீட்டிக் கழுவி முகரக் கொடுத்தவரெல்லாம் துண்டை உதறிக்கொண்டு ஓடிப்போவார்கள். பட்டனைத் தொடாமலே போனவர்கள்தான் அதிகம். எனக்கும் அப்படித்தான் ஆனது.

இந்த வருஷம் சீசன் தொடங்கியபோது ரூபி ஒரு முடிவு எடுத்தாள். கார்த்திகையில் சபரிமலைக் கூட்டம் குற்றாலம் வழியாக வரும். அவர்கள் ஜட்டியும் துண்டும் வாங்குவார்கள், நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குவார்கள், கொக்கு பார்க்கமாட்டார்கள். டிவி இருக்கிற இடத்தில் சிப்ஸ் அடுப்பு போட்டால் குடும்பம் நிமிரும். ஜஸ்டின் சண்டை போடவில்லை. உலகம் புரிந்துகொள்ளாத ஒரு கேமுக்காகப் பேசிப் பேசிப் பழகியவர், அவளுக்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ரூபி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எத்தன வருஷமா சொல்லுதிய. ஒருத்தராவது 'நேத்து வெளாண்டேன், இன்னைக்கும் வெளாடணும்'னு தானா வந்து கேட்டிருக்காவளா?"

ஜஸ்டின் யோசித்தார். ரூபி அவருக்கு ஆகஸ்டு கடைசி ஞாயிறு வரை நேரம் கொடுத்தாள். அதற்குள் சொந்தக்காரர் இல்லாத ஒரே ஓர் ஆள், இரண்டாம் தடவையாக, அவராகவே வந்து கேட்க வேண்டும். கேட்டால் டிவி இருக்கும். கேட்காவிட்டால் அடுப்பு வரும். ஜஸ்டின் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒரே ஆள்தானே என்று அவர் நினைத்தது எல்லாருக்கும் தெரிந்தது.

பக்கத்துக் கடைக்காரர் சேக் தாவூதுக்குத்தான் தூக்கம் போயிற்று. தாவூது சிப்ஸ் வியாபாரி. தன் கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிப்ஸ் அடுப்பு வருவதை விடக் கொக்கு மேல் என்ற முடிவுக்கு அவர் ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டார். ஜூலை மாதம் ஒருநாள் ரூபி தென்காசிக்குப் போயிருந்தபோது ஜஸ்டினிடம் வந்து, நானே நாளைக்கு வந்து கேட்கிறேன், ரெண்டு நாள் கேட்கிறேன், ரூபி முன்னாலேயே கேட்கிறேன் என்றார். ஜஸ்டின் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்த வேகத்தில், கேட்பதற்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்று ஒரு கேள்வி போட்டார். இரண்டாம் பாகத்தில் கொக்குக்குச் சங்கிலியைக் கொடுப்பது யார்?

தாவூது தலையைச் சொறிந்தார். "வேற யாரு கொடுப்பா. அவங்க அப்பாவா?"

"பத்து வருஷமா பக்கத்துல கட வச்சிருக்கேரு" என்றார் ஜஸ்டின். தாவூதின் உதவி மறுக்கப்பட்டது. அன்று மாலை முழுவதும் தாவூது நேந்திரங்காயைச் சீவியபடியே, "மூழ்குத ஆளுக்குக் கயிறு போட்டா, கயிறு எந்தக் கம்பெனின்னு கேக்குதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டு நடுவில் அது நடந்தது. நடந்தபோது ஜஸ்டின் கடையில் இல்லை. துண்டு மூட்டை எடுக்கத் தென்காசிக்குப் போயிருந்தார். பிஸ்கட் டின் சாவி அவர் அரைஞாணில் தொங்கிக்கொண்டு அவரோடு போயிருந்தது. பெண்கள் பக்க வரிசையைப் பார்த்துக்கொள்ளும் காவலர் நிர்மலாதேவி பணி முடிந்து, வேன் வருவதற்காகக் கூரைக்குள் வந்து நின்றாள். ராயகிரிப் பக்கத்துப் பெண், இந்த சீசனுக்குத்தான் இங்கே போட்டிருந்தார்கள். சும்மா நிற்கிறாளே என்று ரூபி ஸ்டூலைப் போட்டாள். டிவியைப் பார்த்து இது என்ன அக்கா என்று அவள் கேட்டாள். ரூபிக்கு விளக்கம் சொல்லத் தெரியாது. டின்னும் பூட்டியிருந்தது. மேசைக்காலுக்கு அடியில் இருந்த கேசட்டை உருவி, அந்த இடத்தில் ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தை வைத்துவிட்டு, ஊதி மாட்டிக் கொடுத்தாள். கையைக் கூட முகரவில்லை. அரை மணி நேரத்தில் வேன் வந்தது. நிர்மலா போய்விட்டாள். கேசட் மறுபடியும் மேசைக்காலுக்கு அடியில் போயிற்று.

ஜஸ்டின் திரும்பி வந்து இதைக் கேட்டதும் மூட்டையை இறக்காமலே நின்றார்.

"எதப் போட்ட?"

"டிவிக்கு முட்டுக் குடுத்திருந்தத."

மூட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். புதிதாக வந்த ஒருவர் தொடங்கவே கூடாத இடத்தில் தொடங்கிவிட்டார் என்றார். அந்தப் பிள்ளை இனி இதுதான் கொக்கு என்று நினைத்துக்கொள்ளும் என்றார். மூன்றாம் பாகத்தைத் தானும் ஒரு தடவை முடித்திருப்பதாகவும், கடைசி வரை இடது பட்டனைத் தொடாமலே முடித்ததாகவும், அதுதான் அதற்குத் தரக்கூடிய அதிகபட்ச மரியாதை என்றும் தாவூதிடம் சொன்னார். தாவூது தலையாட்டினார். இப்போதெல்லாம் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்.

அடுத்த நாளிலிருந்து ஜஸ்டினுக்கு ஒரே வேலைதான். நிர்மலாவைக் கண்டு நடந்த தவறைச் சரிசெய்ய வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல் அருவிக்கே போய், பெண்கள் பக்கக் கயிற்றருகே நின்று, மேடம் ஒரு நிமிஷம், நீங்க பாத்தது உண்மையான கொக்கு இல்ல என்று ஆரம்பித்தார். நிர்மலா அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. விசிலை ஊதி, "அண்ணாச்சி, இது லேடீஸ் சைடு. திரும்பிப் பாக்காம வெளிய போங்க" என்றாள். ஜஸ்டின் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார். அதில் அவருக்குப் பயிற்சி இருந்தது.

கடைசி ஞாயிறு வந்தது. காலையிலிருந்து மழை. குளிக்கத் தடை. ஜஸ்டினுக்கு வாழ்நாளிலேயே நல்ல நாள் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சீசன் முடிகிற நேரம், வந்த கூட்டமும் மழையைப் பார்த்துக் காரிலேயே திரும்பிப் போனது. கோவில்பட்டிப் பையன்கள் நாலு பேர் ஒதுங்கினார்கள். அவசரத்தில் ஜஸ்டின் விளக்கத்தைச் சுருக்கினார். சுருக்கியதே இரண்டாம் பாகத்தை ஏன் இரண்டாவதாக எடுத்தார்கள் என்பது வரைதான் வந்தது. பையன்களில் ஒருவன் செல்போனில் கேமின் பெயரைத் தட்டிப் பார்த்து, அண்ணே இத ஓசியில டவுன்லோடு பண்ணலாம்ணே என்றான். நான்கு பேரும் டவுன்லோடு செய்யாமலே போனார்கள்.

மதியத்துக்கு மேல் அடுப்பு வந்துவிட்டது. லோடு ஆட்டோவில் தார்ப்பாய் மூடி, வடகரையிலிருந்து வந்தது. டிரைவர் இறங்கி, எங்கே இறக்க என்று கேட்டார். ரூபி டிவியைக் கைகாட்டப் போனாள். ஜஸ்டின் அதற்கு முன்னால் பிஸ்கட் டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தாவூது தன் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து, மனிதன் வாழ்வதற்குச் சிப்ஸ் மட்டும் போதுமா என்று பொதுவாகக் கேட்டார். சிப்ஸ்காரர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததை டிரைவர் மட்டும்தான் கவனித்ததாகத் தெரிந்தது.

அப்போதுதான் மழைக்கோட்டோடு நிர்மலா வந்தாள். பணி முடிந்திருந்தது. வேன் வர நேரம் இருந்தது. கோட்டைக் கழற்றி உதறிக்கொண்டே, "அக்கா, அன்னைக்குப் போட்டியள்ளா, அந்த கேம் இருக்கா? வெளாடணும்" என்றாள்.

ரூபி ஜஸ்டினைப் பார்த்தாள். ஜஸ்டின் எழுந்தார். அடுப்பு திரும்பிப் போவதற்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. சொந்தக்காரர் இல்லாத ஆள், இரண்டாம் தடவை, தானாக வந்து கேட்டாயிற்று. தாவூது இரண்டு கைகளாலும், போடு, பேசாமல் போடு என்று சைகை காட்டினார். ஜஸ்டின் டின்னைத் திறந்து துணியைப் பிரித்து இரண்டாம் பாகத்தை வெளியே எடுத்தார்.

"மேடம், புதுசா வாரவங்க இதுலதான் தொடங்கணும். ஏன்னு சொல்லுதேன்."

"இதுல அவன் திரும்பிப் போவானா?"

"போவமாட்டான். அதான் இதோட சிறப்பே."

"அப்ப வேண்டாம் அண்ணாச்சி" என்று நிர்மலா மழைக்கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

டிரைவர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஜஸ்டின் கையில் கேசட்டோடு நின்றார். அவர் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, அத்தனையும் அவர் முகத்தில் வந்து முட்டுவது தெரிந்தது. கடைசியில் அவர் கேட்டது, திரும்பிப் போவதில் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான்.

நிர்மலா அதற்கு யோசிக்கவில்லை. "தெனமும் காலையில இருந்து எல்லாரையும் முன்னால போ, முன்னால போ, திரும்பாதன்னு வெரட்டுதேன். ஒரு பொம்பள தலைய நனைச்சு முடிக்கல, விசில் அடிச்சு வெளிய தள்ளுதேன். இன்னும் ஒரு நிமிஷம் நிக்கட்டுமான்னு கேக்காவ, முடியாதுங்கேன். இந்தக் கொக்கு திரும்பிப் போவுதான், நிக்கான். யாரும் விசில் அடிக்கல. அதான்."

ஜஸ்டின் இரண்டாம் பாகத்தைத் துணியில் சுற்றி டின்னில் வைத்தார். குனிந்து மேசையைத் தோளால் தூக்கினார். தாவூது ஓடி வந்து டிவியைப் பிடித்துக்கொண்டார். அடியிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, ஊதி, மாட்டினார். தாவூதின் இடுப்பு மேசைக்கு முட்டாக நின்றது.

கல்யாணப் பந்தல் நிறத்தில் திரை எரிந்தது. நிர்மலா தொடங்கிய உடனே இடது பட்டனை அமுக்கினாள். வலது பக்கம் எதிரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கொக்கு அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கும் பின்னால் நடந்தான். ஒரு புதர் வந்தது. அதற்குள் புகுந்தான். பின்னால் ஒரு சின்னக் குளம் இருந்தது. எதிரி யாரும் இல்லை. அடிக்கவும் எடுக்கவும் ஒன்றும் இல்லை. நிர்மலா பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். கொக்கு குளத்துக்குள் இறங்கி ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றான். சும்மா நின்றான்.

ஜஸ்டின் வாயைத் திறந்திருந்தார்.

"அன்னைக்கே பாத்தேன். இது என்ன எடம் அண்ணாச்சி? எதுக்கு வச்சிருக்கான்?"

"தெரியலம்மா" என்றார் ஜஸ்டின். "நான் இங்கன வந்ததில்ல."

ஈரக் காற்றில் டிவிக் கண்ணாடி மங்கிக்கொண்டு வந்தது. அவர் கையை மேலே நீட்டி, கயிற்றில் தொங்கிய புதுத் துண்டு ஒன்றைப் பார்க்காமலே இழுத்து, திரையைத் துடைத்தார். பிறகு ஸ்டூலுக்குப் பின்னால், ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஆட்டோ டிரைவர் அடுப்பை எங்கே இறக்க என்று இரண்டாம் முறையாகக் கேட்டார். ரூபி எழுந்து வந்தாள். ஜஸ்டின் கையிலிருந்த துண்டை வாங்கி, அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டினாள்.